தவணை தவறிய கார்: தக்கவைப்பதா, விற்பதா, ஒப்படைப்பதா?

என் தம்பியின் கார் 47 நாட்கள் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு மாத வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த மஞ்சள் பலகை வண்டி அது. ஆர்டர் குறைந்ததும் கம்பெனி முதலில் நிறுத்தியது வாடகைக் கார்களைத்தான். மூன்று தவணைகள் தவறின. கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆட்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். தம்பி யாரிடமும் சொல்லாமல் வண்டியை மாமியார் ஊருக்குக் கொண்டுபோய் ஒளித்துவைத்தான். கண்ணில் படாத வண்டியைத் தூக்க முடியாது, அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நம்பினான்.

அந்த 47 நாட்களில் சவாரி இல்லை, வருமானம் இல்லை. மேலும் இரண்டு தவணைகள் ஏறின. ஜாமீன் கையெழுத்துப் போட்ட சித்தப்பாவின் தொலைபேசி காலையிலும் மாலையிலும் அடித்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அதுவரை யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வைத்ததில்லை. 48-ஆம் நாள் ஒரு கல்யாணச் சவாரிக்காகத் தம்பி வண்டியை வெளியே எடுத்தான். பல்லடம் அருகே பெட்ரோல் பங்கில் நான்கு பேர் சூழ்ந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். கார் ஏலத்தில் போனது. ஏலத் தொகையைக் கழித்த பிறகும் 1,38,000 ரூபாய் பாக்கி என்று கடிதம் வந்தது.

என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. வண்டி தோப்புக்குள் போன அதே வாரத்தில், ஸ்டாண்டில் தம்பியோடு நிற்கும் ஓட்டுநர் ஒருவர் கடனை முழுதாக அடைக்கும் விலைக்கு அந்தக் காரை வாங்கத் தயாராக இருந்திருக்கிறார். தம்பி அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. கார் கையில் இருக்கும் வரைதான் வழிகளும் கையில் இருக்கின்றன என்பதை அவனுக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை. அதன் பிறகு தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேர் இதே நிலையில் என்னிடம் வந்தார்கள். அவர்களுக்காக ஒப்பந்தங்களையும் விதிகளையும் படித்து நான் போட்டுப் பார்த்த கணக்குகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எத்தனையாவது நாளில் நிற்கிறீர்கள்?

தவணை தவறிய முதல் நாளிலிருந்தே கடன் கொடுத்தவர் எண்ணத் தொடங்கிவிடுகிறார். 30 நாள் வரை ஒரு படி, 60 நாள் வரை இரண்டாவது, 90 நாள் வரை மூன்றாவது. 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன். இந்தப் படிகள் ரிசர்வ் வங்கி வகுத்தவை. முதல் இரண்டு படிகளில் கிளை மேலாளரே உங்களுடன் பேசுவார். கடன் வாராக்கடனாகாமல் தடுப்பதில் அவருக்கும் அக்கறை உண்டு. அதற்குப் பிறகு கோப்பு வசூல் பிரிவுக்கோ வெளி முகவருக்கோ போய்விடுகிறது. அங்கே உங்கள் குடும்ப நிலையைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

90 நாள் வரை கார் பத்திரமாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒரே ஒரு தவணை தவறினாலும் வண்டியை எடுக்கலாம் என்று எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் ஏராளம். ஆகவே முதல் வேலை, கையெழுத்துப் போட்ட கடன் ஒப்பந்தத்தின் நகலை எடுத்துப் படிப்பது. வங்கியல்லாத நிதி நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் சில விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. வண்டியை எடுக்கும் முன் எத்தனை நாள் அறிவிப்பு, எந்தச் சூழலில் அறிவிப்பில்லாமல் எடுக்கலாம், ஏலத்துக்கு முன் கடைசி வாய்ப்பு எப்படித் தரப்படும், பணம் கட்டினால் வண்டியைத் திருப்பித் தரும் முறை என்ன ஆகியவை அவை. நகல் உங்களிடம் இல்லையென்றால் எழுத்துமூலம் கேளுங்கள். படிக்கும்போது, கடனோடு சேர்த்து ஏதேனும் காப்பீடு எடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விபத்தோ நோயோ வருமானத்தை நிறுத்தியிருந்தால் சில நேரம் அந்தத் தாளிலேயே வழி இருக்கும். பலருக்கு அப்படி ஒரு காப்பீடு எடுத்ததே நினைவில் இருப்பதில்லை.

அடுத்து ஒரு கேள்வி. இந்தக் கார் உங்களுக்குச் சோறு போடுகிறதா, அல்லது நீங்கள் அதற்குப் போடுகிறீர்களா? வாடகை வண்டி என்றால், எல்லாச் செலவும் போக மாதம் தவணையைவிடக் கூடுதலாக அது சம்பாதிக்கிறதா என்று பாருங்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால், அது இல்லாவிட்டால் வேலைக்கே போக முடியாத நிலையா என்று கேளுங்கள். இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னாலே பாதி முடிவு வந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

8 லட்சம் ரூபாய் விலையுள்ள காருக்கு 7 லட்சம் கடன், ஆண்டுக்கு 10 சதவீதம் நிலையான வட்டி, 84 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 11,620 ரூபாய் வரும். இரண்டு ஆண்டுகள் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால் மொத்தம் 2,78,900 ரூபாய் கட்டியிருப்பீர்கள். அதில் அசலில் கழிந்தது ஏறத்தாழ 1,53,000 மட்டுமே. மீதி 5,47,000 அப்படியே நிற்கும்.

கார் மதிப்போ இதைவிட வேகமாக இறங்குகிறது. காப்பீட்டுக்காக மதிப்பிடும் வழக்கமான அட்டவணைப்படி மூன்றாம் ஆண்டில் விலையிலிருந்து 30 சதவீதம் கழிந்துவிடும். 8 லட்சம் 5,60,000 ஆகிவிடுகிறது. ஆக, இரண்டு ஆண்டு முடிவில் கடனும் கார் மதிப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கின்றன. இதற்குமேல் தவறும் ஒவ்வொரு மாதமும் கடன் ஏறுகிறது, கார் இறங்குகிறது. இந்த நிலையில் மூன்று தவணைகள் தவறியிருக்கின்றன என்று கொள்வோம். வட்டி சேர்ந்து பாக்கி 5,60,600 ஆகிறது. அபராதம், பணம் இல்லாமல் திரும்பிய தவணைகளுக்கான கட்டணம் எல்லாம் ஒரு 5,000.

அபராதம் பற்றி ஒரு வார்த்தை. தவணை தவறினால் அபராதக் கட்டணம் மட்டுமே வாங்கலாம், அதை வட்டியாகப் போடக்கூடாது, அதன்மேல் மறுபடி வட்டி கணக்கிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. கணக்கு அறிக்கையை வாங்கிப் பாருங்கள். பழைய வழக்கப்படி அபராத வட்டி ஏறியிருந்தால் குறைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

நிலுவையைக் கட்டிக் காரைத் தக்கவைப்பது

மூன்று தவணை, அபராதம் எல்லாம் சேர்ந்து சுமார் 40,000 ரூபாய். இதைப் புரட்டிவிட்டால் வசூல் ஆட்கள் வருவது அன்றோடு நிற்கும். ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகையை வைத்து ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் 40,000 வாங்கினால் வருடத்துக்கு 4,000 ரூபாய் வட்டி. அதே பணத்தை மாதம் பத்து வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாதத்துக்கு 4,000. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்தே இருக்கிறது. இருந்தும் காருக்காக இந்தப் பொறியில் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைப்பேசியில் பத்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளையும் இதே வரிசையில்தான் வைப்பேன்.

நகைக் கடன் நல்ல வழிதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. நின்ற வருமானம் எந்த மாதத்தில் திரும்பும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போயிருக்கிறது, கால் முறிந்து ஓய்வில் இருந்தேன், பள்ளி விடுமுறையால் சவாரி இல்லை என்பவை திரும்பி வரும் வருமானங்கள். ஒப்பந்தமே போய்விட்டது, வேலையே போய்விட்டது என்றால் நகையும் போகும், மூன்று மாதம் கழித்துக் காரும் போகும். மனைவியின் நகையை அடகு வைப்பதற்கு முன் இதை அவரிடமே பேசிவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் கணக்கை நம்மைவிடத் தெளிவாகப் பார்ப்பவர் அவர்தான்.

தவணையை மாற்றி அமைக்கக் கேட்பது

நிலுவையை அசலோடு சேர்த்து, காலத்தை நீட்டி, தவணையைக் குறைத்துத் தரும்படி கேட்கலாம். இந்தச் சொல்லைக் கேட்டாலே நிம்மதி வருகிறது. கணக்கு அவ்வளவு நிம்மதி தருவதில்லை. மேலே சொன்ன 5,60,600 ரூபாயை இன்னும் 72 மாதங்களுக்கு நீட்டினால் புதிய தவணை சுமார் 10,390. மாதத்துக்குக் குறைவது 1,230 ரூபாய்தான். கடன் முடியும்போது மொத்தமாகக் கூடுதலாகக் கட்டியிருப்பது 50,000 ரூபாய்க்கும் மேல்.

அப்படியானால் இது வீணா? இல்லை. இதன் உண்மையான பயன், 40,000 ரூபாயை ஒரேயடியாகப் புரட்ட வேண்டிய நெருக்கடி தீர்வதில் இருக்கிறது. நகையும் இல்லை, கேட்க உறவும் இல்லை, ஆனால் அடுத்த மாதத்திலிருந்து தவணை கட்ட முடியும் என்பவருக்கு இது சரியான வழி. தவணையே பாரமாக இருப்பவருக்கு 1,230 ரூபாய் குறைவதால் எதுவும் மாறப்போவதில்லை.

கேட்பதென்றால் 60 நாளுக்குள் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். வருமானம் ஏன் நின்றது, எப்போது வரும், எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு பக்கம் போதும். கடன் மாற்றி அமைக்கப்பட்டது என்ற குறிப்பு உங்கள் கடன் வரலாற்றில் ஏறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் வசூல்காரர் "ஐயாயிரம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கணக்கில் ஏறாத பணம் கட்டாத பணம்தான்.

வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவது நல்ல யோசனையாகத் தெரியும். நிலுவை ஏறிய பிறகு அநேகமாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்களே விற்பது

எனக்குத் தெரிந்து இந்த நிலையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் எடுத்திருக்க வேண்டிய முடிவு இதுதான். ஆனால் கடைசி வரை எடுக்காமல் தள்ளிப்போடுவதும் இதைத்தான். கார் விற்பது தோற்றுப்போனதற்கு அடையாளம் என்று நம் ஊரில் ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார், சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற பயம். நான்கு பேர் நடுத்தெருவில் சாவியைப் பிடுங்குவதை அதே பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மேற்சொன்ன கார் வெளியில் 5,90,000 ரூபாய்க்குப் போகிறது என்று கொள்வோம். பாக்கியும் அபராதமும் 5,65,600. கடனை முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் மீதி அசலான 5,47,000-இல் 4 சதவீதம் என்றால், அதன்மீது வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு சுமார் 25,800. ஆக மொத்தம் 5,91,400. கையிலிருந்து ஓர் ஆயிரத்துச் சொச்சம் போட்டால் கடன் முடிந்தது. மாறும் வட்டியில் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கடன் என்றால் அந்த முன்கட்டணமே கிடையாது.

இதே கார் இரண்டு மாதம் கழித்துப் பறிமுதலாகி ஏலத்துக்குப் போனால்? ஏலத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் மறுவிற்பனை வியாபாரிகள். ஓட்டிப் பார்க்க முடியாத, பின்னணி தெரியாத வண்டியை அவர்கள் தங்கள் லாபத்தையும் ஆபத்தையும் கழித்துக்கொண்டுதான் கேட்பார்கள். 4,60,000 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். அதற்குள் பாக்கி 5,80,000 ஆகியிருக்கும். வண்டியை எடுத்த கூலி, யார்டு வாடகை ஆகியவை 15,000. ஏலத் தொகை போக உங்கள் தலையில் நிற்கும் பள்ளம் 1,35,000 ரூபாய். அதே கார், அதே கடன், இடையில் இரண்டே மாதங்கள்.

விற்கும் முறை இப்படி. கடன் கொடுத்தவரிடம் இன்றைய தேதிக்குக் கடனை முடிக்க எவ்வளவு என்ற அறிக்கையை வாங்குங்கள். அதில் எத்தனை நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். வாங்குபவரை அழைத்துக்கொண்டு கிளைக்கே போய் நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். கடன் தொகையை அவர் நேராக உங்கள் கடன் கணக்கில் கட்டட்டும். மீதி இருந்தால் உங்களுக்கு. பிறகு தடையின்மைச் சான்றிதழும், ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வாங்கி, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு இடம் தருவதில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. "மீதித் தவணையை நானே கட்டிக்கொள்கிறேன், கையில் ஐம்பதாயிரம் வாங்கிக்கொள்ளுங்கள், வண்டியைக் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்டு வருபவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ஒப்பந்தம்கூட எழுதித் தருவார்கள். செய்யாதீர்கள். கடன் உங்கள் பெயரில்தான் இருக்கும். அவர் இரண்டு தவணை கட்டிவிட்டு நிறுத்தினால் ஆட்கள் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள், வண்டி எங்கே என்பதே உங்களுக்குத் தெரியாது. அதைவிட மோசம், அந்தக் கார் யாரையாவது மோதினால் இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அடமானத்தில் உள்ள வண்டியைக் கைமாற்றியதற்காகக் குற்றவழக்கும் வரலாம்.

தானாகவே ஒப்படைப்பது

இதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்பது அது. தீராது. கார் ஏலத்துக்குத்தான் போகும்; பள்ளம் உங்கள் பெயரிலேயே நிற்கும். பறிமுதலோடு ஒப்பிட்டால் மிச்சமாவது ஆட்கள் வந்து எடுக்கும் செலவும், தெருவில் நடக்கும் அவமானமும், வண்டி இன்னும் நல்ல நிலையில் இருப்பதால் ஏலத்தில் சற்றுக் கூடக் கிடைக்கலாம் என்பதும்தான்.

ஆகவே முதலில் விற்கப் பாருங்கள். விபத்தில் அடிபட்ட வண்டி, கடனைவிட மதிப்பு மிகவும் குறைந்துபோன வண்டி, வாங்க ஆளே கிடைக்காத வண்டி என்றால் மட்டும் இந்த வழிக்கு வாருங்கள். ஒப்படைக்கும் நாளில் பெற்றுக்கொண்டதற்கான கடிதம் வாங்குங்கள். ஓடிய கிலோமீட்டர், டயர், பேட்டரி, ஸ்டெப்னி, ஸ்டீரியோ எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதாத தாளில் எதற்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை நாளில் விற்பார்கள், விற்கும் முன் உங்களுக்குத் தெரிவிப்பார்களா, மீதிக் கணக்கை எப்போது தருவார்கள் என்பவற்றுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். வாங்க ஆள் இருந்தால் ஏலத்துக்கு நீங்களே அழைத்து வரலாமா என்றும் கேளுங்கள். சில நிறுவனங்கள் இதற்குச் சம்மதிக்கின்றன.

சட்டம் எங்கே உதவும்?

சட்டம் தன்னைக் காப்பாற்றும் என்று நம்பி மற்ற வழிகளை விட்டவர்களையும் பார்த்தேன், சட்டமே இல்லை என்று நினைத்து அடியும் வசவும் பொறுத்துக்கொண்டவர்களையும் பார்த்தேன். உண்மை நிலவரம் இதுதான்.

அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-இல் ஒரு தனியார் வங்கி தொடர்பான வழக்கில் கடுமையாகக் கண்டித்தது. அடமானத்தில் உள்ள வண்டியாக இருந்தாலும் சட்டப்படியே மீட்க வேண்டும், பலத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று 2011-இல் மறுபடியும் சொன்னது. 2023 மே மாதம் பாட்னா உயர் நீதிமன்றம், முகவர்களை வைத்து வாகனங்களை வலுக்கட்டாயமாகப் பறித்தது சட்டவிரோதம் என்று கூறி, மனுதாரர்களுக்குத் தலா 50,000 ரூபாய் தரச் சொன்னது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. உறவினர்களையும் நண்பர்களையும் தொல்லை செய்வதும் கூடாது.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் (கடைசித் தவணை வரை வண்டி நிதி நிறுவனத்தின் உடைமையாகவே இருக்கும் ஏற்பாடு) தவணை தவறினால் நிதி நிறுவனம் வண்டியை எடுத்துக்கொள்வது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. வண்டியை இழந்தவருக்குக் கீழே கிடைத்திருந்த பெரிய தொகையை நீக்கிவிட்டு, முறையான முன்னறிவிப்பு தராத குறைக்காக 15,000 ரூபாய் மட்டும் தரச் சொன்னது. ஆக, எப்படி எடுத்தார்கள் என்பதில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். கட்ட வேண்டிய கடனை அது குறைப்பதில்லை. மேலே சொன்ன வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, கூடவே இதையும் பயன்படுத்துங்கள்.

தொல்லை தொடங்கினால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு முதலில் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் தரலாம், கட்டணம் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் காலம் பிடிக்கும்.

ஒரு கடிதத்தை மட்டும் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். நீதிமன்றத்துக்கு வெளியே தகராறை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவரின் நியமனம் பற்றிய அறிவிப்பு அது. பல நிதி நிறுவனங்களின் தலைமையகம் சென்னையில் இருப்பதால் தென்மாவட்டத்துக்காரருக்கும் சென்னையிலிருந்துதான் கடிதம் வரும். "எங்கேயோ மெட்ராஸில் நடக்கிறது" என்று விட்டுவிட்டால் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு வரும். நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமித்து வண்டியை எடுக்க உத்தரவிடலாம். அப்படி வந்தால் தடுக்கக்கூடாது. அதே வேளை, தனக்கு ஆதாயம் உள்ள வழக்கில் ஒரு தரப்பே தனி நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. பணம் கொடுத்து வழக்கறிஞர் வைக்க முடியாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

ஆட்கள் வழியில் நிறுத்திவிட்டால் அடையாள அட்டையையும் நிறுவனத்தின் அதிகாரக் கடிதத்தையும் கேளுங்கள். மிரட்டினால் 112-ஐ அழையுங்கள். கைகலப்பு வேண்டாம், குழந்தைகள் உள்ளே இருந்தால் முதலில் அவர்களை இறக்குங்கள். காரில் உள்ள உங்கள் பொருள்களும் காகிதங்களும் உங்களுடையவை. வண்டி போன பிறகும் ஏலத்துக்கு முன் பணம் கட்டி மீட்க ஒரு கடைசி வாய்ப்பு உண்டு. அறிவிப்பில் உள்ள தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் சில நாட்கள்தான் தருவார்கள்.

ஒளித்துவைப்பது

தம்பி எடுத்த வழியை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. அதன் செலவை மட்டும் சொல்கிறேன். நின்ற வண்டிக்கும் தவணை ஓடியது. காப்பீடு இடையில் முடிந்தது. பேட்டரி செத்தது, அதை மாற்ற வேண்டியிருந்தது. ஐந்து தவணைக்கும் திரும்பிய கட்டணம் ஏறியது. எல்லாவற்றையும்விட, சித்தப்பா. ஜாமீன்தாரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒன்றே என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. காரை மறைக்கலாம், ஓய்வூதியக் கணக்கையும் வீட்டு முகவரியையும் சித்தப்பா எங்கே மறைப்பார்? தம்பி தவணை தவறிய முதல் வாரத்திலேயே அவரிடம் சொல்லியிருந்தால், நகையோ சேமிப்போ கொடுத்திருக்க மாட்டார் என்றுகூட வைத்துக்கொள்வோம். அந்த ஸ்டாண்டுக்கார ஓட்டுநரிடம் விற்றுவிடச் சொல்லியிருப்பார்.

கடைசியில் 1,38,000 ரூபாய்க்குப் பேச்சு நடத்தி 85,000-க்கு முடித்தோம். பாதியைச் சித்தப்பா கொடுத்தார். இப்படிக் குறைத்து முடிக்கும்போது கடன் வரலாற்றில் "முழுதும் அடைக்கப்பட்டது" என்று வராது, "பேசி முடிக்கப்பட்டது" என்றுதான் வரும். அடுத்த கடன் கேட்கும்போது அது நிற்கும். தெரிந்துதான் செய்தோம், அப்போது வேறு வழி இல்லை. தொகையை மூன்று தவணையாகக் கட்ட எழுத்தில் சம்மதம் வாங்கினோம். கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற கடிதத்தையும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த காசோலைகளையும் திரும்பப் பெற்றோம். காசோலைகளை விட்டுவிடாதீர்கள்.

தம்பி இப்போது ஆக்டிங் டிரைவராக ஓடுகிறான். ஏலம் முடிந்து மூன்று வாரம் கழித்து அவன் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் அவன் கணக்கிலிருந்து பணம் பிடித்திருந்தார்கள். காரில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேகை நிறுத்த வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் அதை நிறுத்திவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் வண்டி கைமாறியதைப் பதிவுத் தபாலில் எழுதி அனுப்பினோம்.